ஒரே உதையில் கிளம்பும் வண்டி

"அண்ணன் வண்டி எங்கயும் ஓடிடாது. முதல்ல என்னுதைப் பாருங்க."

சின்னவர் ஷெட்டின் விளக்கைப் போட்டார். தலையில் மருந்துக்குக்கூடக் கறுப்பு முடி கிடையாது. ஆனாலும் குடும்பத்தில் அவர் இன்னும் சின்னவர்தான். பெரியவர் என்று ஒருவர் இருந்தார் அல்லவா, அதனால்.

உள்ளே இரண்டு வண்டிகள். ஒன்று, சிவப்பு டேங்க் பளபளக்கும் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள். இன்னொன்று ஓரத்தில் தார்ப்பாய்க்குள் கட்டிக் கிடந்தது. இரண்டும் ஒரே ரகம். அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் சேர்ந்து போய், அடுத்தடுத்த நம்பரில் எடுத்தவை. அண்ணன் போன மாதம் கண்ணை மூடினார். வண்டியைத் தம்பியிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். அண்ணி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். சின்னவர் அதன் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. சாவுக்கே போகாத மனுஷர், வண்டியையா பார்ப்பார்? வந்த விலைக்குத் தள்ளிவிடுவதாக முடிவு.

தன் வண்டி சமாச்சாரமே வேறு. பழைய வண்டி சேகரிப்பவர்களின் கண்காட்சியில் அதை நிறுத்த வேண்டும். 'முழுக்க ஒரிஜினல்' என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கேட்க வேண்டும். அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்காகத்தான் மதிப்பீட்டாளரை வரவழைத்திருந்தார்.

வந்தவர் லேசுப்பட்டவரில்லை. டேங்க் பெயின்ட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். சீட் உறையின் தையலைத் தடவினார். மீட்டர், விளக்கு, சக்கரக் கம்பிகள் எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கின்றன என்றார். சின்னவருக்கு உச்சி குளிர்ந்தது. இன்ஜினைத் துடைக்கக்கூட யாரையும் விட்டதில்லை, அதன் மேலிருக்கும் அழுக்கும் ஒரிஜினல் என்று பெருமையடித்துக்கொண்டார்.

"வேற யாருமே கை வெச்சதில்லையா?"

"ஒரே தடவை. எங்கண்ணன்."

சொல்லும்போதே முகம் சுருங்கியது. பிறகு கேட்காமலே கதை வந்தது. வேலைக்கு நேர்முகத் தேர்வு. அதற்கு முதல் நாள், அண்ணன் குடியிருந்த ஊருக்குப் பக்கத்தில், வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி. பதற்றத்தில் ஆயிலை மறந்துவிட்டோமோ என்று அவருக்கே உதறல். அண்ணன் தள்ளிக்கொண்டு போய், விடிவதற்குள் சரிசெய்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கார்புரேட்டரில் தூசி, வேறொன்றுமில்லை என்றார். ஒரே உதை, கிளம்பிவிட்டது. வேலையும் கிடைத்தது.

"நல்ல அண்ணன்தானே சார்?"

"நல்லவன்தான். அடுத்த வாரமே அம்மாவுக்கு முடியாமப் போச்சு. 'பெரியவன் எங்கடா, பெரியவன் எங்கடா'ன்னு வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. ராத்திரி கடைசி பஸ்ஸுல ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். வண்டியில வந்தா அரை மணி நேரம். துரை விடிஞ்சப்புறம் வர்றான், பிஞ்ச செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, புழுதிக் காலோட. அம்மா அதுக்குள்ள போயிட்டா." சின்னவர் தன் வண்டியின் சீட்டைத் தட்டினார். "கேட்டா, வண்டி ஸ்டார்ட் ஆகலடாங்கறான். அவனுதும் இதே ரகம் சார், ஒரே உதையில கிளம்புற வண்டி. அது ஸ்டார்ட் ஆகலைன்னு என்கிட்டயே சொல்றான்."

அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் எத்தனையோ முறை வந்து வாசலில் நின்று பார்த்தார். சின்னவர் முகம் கொடுக்கவில்லை. அண்ணனும் அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் சொன்னதில்லை. மடியில் கனம், அதனால்தான் வாயடைத்துப் போனான் என்று சின்னவர் தீர்மானித்துவிட்டார்.

மதிப்பீட்டாளர் தயங்கித் தயங்கி, இன்ஜின் நம்பரைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் துடைக்கட்டுமா என்று கேட்டார். சின்னவர் அரை மனதோடு தலையாட்டினார். மண்ணெண்ணெய் நனைத்த துணி போய் வந்த இடத்தில், அத்தனை வருஷ அழுக்குக்கு அடியிலிருந்து எண்கள் தெரிந்தன.

"உங்க நம்பர் எதுல முடியும் சார்?"

"நாற்பத்தாறு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"இதுல நாற்பத்தேழுன்னு இருக்கு. இது இந்த வண்டியோட இன்ஜின் இல்ல."

கண்காட்சியும் போச்சு, பெருமையும் போச்சு. நாற்பத்தேழு யாருடையது என்று அவருக்குத் தெரியாதா என்ன! சரிசெய்கிறேன் என்று தள்ளிக்கொண்டு போனானே, அன்றைக்குத்தான்.

"பாவி, என் இன்ஜினைக் கழட்டி அவன் வெச்சுக்கிட்டு, அவனோடதை என் தலையில கட்டிட்டான். செத்தும் என்னை விடலை பாருங்க."

ஆத்திரத்தோடு தானே போய்த் தார்ப்பாயின் கயிற்றை அறுத்து எறிந்தார்.

அண்ணனுடைய வண்டி நின்றது. நடுவில் இன்ஜின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சீட்டின் மேல் ஒரு சாக்கு மூட்டை கட்டியிருந்தது.

மதிப்பீட்டாளர் மூட்டையை இறக்கிப் பிரித்தார். உள்ளே துருப்பிடித்த ஓர் இன்ஜின். கிக்கரைக் கையால் அழுத்தினார், இம்மிகூட அசையவில்லை. நம்பரைத் துடைத்தார். நாற்பத்தாறு.

"உங்களோடதுதான் சார். ஆயில் இல்லாம ஓடி இறுகிப் போயிருக்கு. அந்தக் காலத்துல இதுக்கு உதிரி பாகம் எங்க கிடைச்சிருக்கும்?"

சின்னவர் குனிந்து, அண்ணன் வண்டியின் அந்த வெற்றிடத்துக்குள் கையை விட்டுத் தடவினார்.

"அப்ப அந்த வாரம் உங்கண்ணன் வண்டியில இன்ஜினே இருந்திருக்காது சார்" என்றார் மதிப்பீட்டாளர், மெல்ல. "ராத்திரி பூரா நடந்துதான் வந்திருப்பார்."