பூங்காவுக்கு வந்த நாரை

புறநகர் ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு, பூங்கா ஆக்கிவிட்டார்கள். குஞ்சுகளுக்கு மீன் தேடி வந்த நாரை, வழக்கமாக இரை பிடிக்கும் சேற்றைக் காணாமல் திகைத்தது. அந்த இடத்தில் ஒரு சிமென்ட் நாரை நின்றது.

"அக்கா, இங்கிருந்த சேறு எங்கே?"

"எனக்கு மேடை கட்ட மூடிட்டாங்க. பூங்காவில் பறவைகள் இருக்கணும்னு திட்டத்தில் எழுதியிருந்தாங்களாம். அதான் என்னை வச்சாங்க."

"நானும் பறவைதானே, கொஞ்சம் தங்கட்டுமா?"

"நீ எச்சம் போடுவியே. திட்டத்தில் அதுக்கு இடமில்லை."

அதற்குள் காவலாளி கம்போடு ஓடிவந்தார். நாரை வெறும் அலகோடு எழும்பிப் பறந்தது. பார்வையிட வந்திருந்த அதிகாரி சட்டென்று அதைப் படமெடுத்துக்கொண்டார்.

'பறவைகள் வரத் தொடங்கிவிட்டன' என்று அந்தப் படத்தின் கீழே எழுதி, அறிக்கையில் சேர்த்தார்.