வரிக்கு வரி ஒரு நிறுத்தம்

"ஏங்க, அங்க நிக்கறது தலைவரா, பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருக்கிற ஆளா?" என்றாள் காஞ்சனா.

சம்பத் நிமிர்ந்தார். நெஞ்சு முன்னே வந்தது. அதற்கும் முன்னே தொப்பை வந்தது. எதிரே பீரோக் கண்ணாடி. இப்போதைக்கு அதுதான் பொதுக்கூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். திருப்பதியில் அந்தக் கட்டிடம் எழும்பிய நாளிலிருந்து கிருஷ்ணப்பாதான் தலைவர். லிஃப்ட் நினைத்தால் ஏறும், நினைத்தால் நடுவில் நின்று யோசிக்கும். தண்ணீர் லாரி வந்தால் தேர் வந்த மாதிரி ஜனம் கூடும்.

சம்பத்துக்கு அந்த நாற்காலி வேண்டும். ஸ்ரீசிட்டி கம்பெனியில் அவர் வாயைத் திறந்தாலே மொத்த டிபார்ட்மென்ட்டுக்கும் டீ தாகம் எடுத்துவிடும். ஆயுளில் ஒரு தடவையாவது ஒரு கூட்டம் எழுந்து போகாமல் தன் பேச்சைக் கேட்டு, தன்னைத் தலைவராக்கி உட்கார வைக்க வேண்டும். காஞ்சனாவிடம் சொன்னார். அவளே போய்ச் செயலாளர் சபீனாவிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அந்தரிக்கி நமஸ்காரம்..." என்று கண்ணாடியைப் பார்த்து ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க. இந்தத் தெலுங்கைக் கேட்டா இருக்கிற ஓட்டும் பூடும்."

அது நியாயம்தான். திருச்சிக்காரரான சம்பத்தின் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் ஆரம்பித்து ஆட்டோக்காரரிடமே முடிந்துவிடும். காஞ்சனா நகரிப் பெண். கத்தரிக்காயைத் தெலுங்கில் பேரம் பேசி, தமிழில் திட்டி, இரண்டுக்கும் தனித்தனியாகக் கொசுறு வாங்கி வருவாள்.

"பாதிப் பேருக்குத் தமிழே தெரியாதே காஞ்சனா. வேற எப்படிப் பேசறது?"

"பெரிய பெரிய தலைவருங்க வெளியூர்லருந்து வந்தா இன்னா பண்றாங்க? தன் பாஷையில ஒரே ஒரு வரி. அப்புறம் நிறுத்தறாங்க. பக்கத்துல இருக்கிற ஆளு அதைத் தெலுங்குல சொல்றான். அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் தலைவரு ஜனத்தையே பாத்துக்கினு நிக்கறாரு. அதாங்க கம்பீரம். தானே தடுமாறிக்கினு தெலுங்கு பேசறவன் குடியிருக்க வந்தவன். மொழிபெயர்க்க ஆளு வெச்சிருக்கிறவன் தலைவன்."

சம்பத்துக்குக் காது மடல்வரை புல்லரித்தது.

"எனக்கு யாரு மொழிபெயர்ப்பா?"

"நான் எதுக்கு இருக்கேன்? உங்களுக்காக இதுகூட செய்ய மாட்டேனா?"

பயிற்சி ஆரம்பித்தது. டிவி ரிமோட்தான் மைக். "ஒரு வரி சொல்லுங்க. நிறுத்துங்க. மைக்கை என் பக்கம் நீட்டுங்க. ஐயோ, வாங்கிக்கோ வாங்கிக்கோன்னு பிரசாதம் குடுக்கிற மாதிரி நீட்டாதீங்க. குடுக்கிறதுலயே ஒரு மிடுக்கு இருக்கணும். சிரிச்ச முகமா இருங்க, ஆனா சிரிக்காதீங்க."

மனுஷர் ஊறிப்போனார். சனிக்கிழமை சாப்பாட்டில், "ரசம் ஊத்து" என்று சொல்லிவிட்டு நிறுத்தி, மிடுக்காக ரிமோட்டை நீட்டினார்.

ஞாயிறு காலை, கார் நிறுத்துமிடத்தில் ஷாமியானா. கட்டிடமே இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது.

"என் அன்பான குடும்பங்களே" என்றார் சம்பத். நிறுத்தினார். மைக்கை நீட்டினார்.

மூன்று சொல்தான் சொன்னார். காஞ்சனாவின் மொழிபெயர்ப்பு மூன்று தெருவுக்கு நீண்டது. முன்வரிசைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெலுங்கு இவ்வளவு இழுக்கிற பாஷையா என்று சம்பத் வியந்தார்.

"தண்ணீர்ப் பிரச்சினை தீர வேண்டும்." நிறுத்தம்.

காஞ்சனா மொட்டை மாடித் தொட்டியைக் காட்டினாள், மோட்டாரைக் காட்டினாள், லிஃப்ட்டைக் காட்டினாள், கடைசியில் கிருஷ்ணப்பாவைக் காட்டினாள். கிருஷ்ணப்பாவின் மனைவியே எழுந்து நின்று கைதட்டினார். அந்தச் சத்தத்தில் மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடாமெல்லாம் ஒரு முறை குதித்து உட்கார்ந்ததாகக் கேள்வி.

ஒருவர்கூட எழுந்து போகவில்லை. தன் ஒற்றை வரிக்குள் இவ்வளவு சரக்கு இருந்தது சம்பத்துக்கே அன்றுதான் தெரிந்தது. சிரித்த முகமாக, ஆனால் சிரிக்காமல், ஜனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓட்டெடுப்பு வந்தது. அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, பிளாட் நம்பர்தான்.

"ஒன் நாட் ஒன்?" என்றாள் சபீனா. கிருஷ்ணப்பாவும் அவர் மச்சானும் கை தூக்கினார்கள்.

"த்ரீ நாட் ஃபோர்?"

ஷாமியானா கிழிகிற மாதிரி கைகள் எழுந்தன. தன் நம்பரைக் கேட்டதும் சம்பத்தும் ஒரு கையை எழுப்பினார், அவசரப்படாமல், கம்பீரமாக.

சபீனா ரோஜா மாலையோடு வந்தாள். சம்பத் கண்ணை மூடித் தலையைக் குனிந்தார். மாலை அவர் மூக்கு நுனியை உரசிக்கொண்டு போய்க் காஞ்சனாவின் கழுத்தில் விழுந்தது.

"ஆளு மாறிப் போச்சும்மா" என்றார் சம்பத், குனிந்த தலையை எடுக்காமலே.

"மாறலை சார்" என்றாள் சபீனா. அவள் சத்தியவேடுக்காரி, தமிழ் நன்றாக வரும். "பேர் குடுத்தது அக்காதானே. எல்லார் வீட்டுக்கும் போயி ஓட்டும் கேட்டாச்சு. மேடையில நீங்க அக்காவைப் பேச விட மாட்டீங்களோன்னுதான் எங்களுக்குப் பயம். அக்காதான், 'ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி அவரே மைக்கை நீட்டுவாரு, வீட்டுல பழக்கிக்கினு இருக்கேன்'னாங்க."