வாருக்குள் ஒரு விரல்

ஒலிம்பியாவில் உச்சி வெயில். குத்துச்சண்டைக் களத்து மணலில் என் தம்பி லைகோன் மண்டியிட்டிருக்கிறான். இடது கண் வீங்கி மூடிவிட்டது. உடம்பில் பூசிய எண்ணெயோடு இரத்தமும் கலந்து மோவாயிலிருந்து சொட்டுகிறது. எதிரே ரோட்ஸ் தீவுக்காரன் மூச்சிரைக்க நிற்கிறான். நடுவர் கவைக்கோலைத் தாழ்த்திக்கொண்டு தம்பியின் கையையே பார்க்கிறார். ஆட்காட்டி விரலைத் தூக்கினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அடி நின்றுவிடும், உயிராவது மிஞ்சும். காலையில் அந்தக் கையில் தோல்வார் சுற்றியவன் நான்தான். வழக்கப்படி விரல்களை வெளியே விட்டுத்தான் சுற்றினேன். “அண்ணா, அந்த விரலையும் சேத்து இறுக்கிக் கட்டு. எனக்கு எதுக்கு அது?” என்று சிரித்தான். “வாயை மூடுடா, தெய்வங்க காதுல விழப்போகுது.” “நல்லா விழட்டுமே!” நானும் கட்டித் தொலைத்தேன். இப்போது அவன் வலக்கை மெல்ல மேலே எழுகிறது. வாருக்கு அடியில் ஏதோ நெளிகிறது. நின்று, மறுபடி நெளிகிறது. “விரலைத் தூக்குறான், நிறுத்துங்க!” என்று கத்துகிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுற்றிலும் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது: “இன்னமும் முஷ்டியை ஓங்குறான் பாருடா! சிங்கம்டா இவன்!” ரோட்ஸ்காரன் ஒரு கணம் தயங்குகிறான். பிறகு, வேண்டாவெறுப்பாக, கையை ஓங்கியபடி முன்னே வருகிறான்.