தேனீச் சொந்தம்

"தேனீயை நாங்க விக்கிறதில்லை."

சொல்லிவிட்டு உர்சுலே மறுபடியும் ரொட்டி மாவைப் பிசைய ஆரம்பித்துவிட்டாள். வந்தவளை உட்காரச் சொல்லக்கூட இல்லை.

வாசலில் நின்ற நெட்டிக்கு முகம் சுண்டிப் போயிற்று. பக்கத்துப் பண்ணைக்காரி. போன வருஷம்தான் புருஷன் ஆர்விலைப் பறிகொடுத்தவள்.

"சும்மா கேக்கலம்மா, காசு கொடுத்துதான் கேக்கறேன். ஒரே ஒரு கூடு. வெள்ளரிக் கொடி பூக்கறதுக்குள்ள தேனீ வந்தாகணும். போன வருஷம் தேனீ இல்லாம காய்ச்சதெல்லாம் கோணலும் மாணலுமா இருந்துச்சு. ஊறுகாய்க் கம்பெனிக்காரன் வண்டியோட திருப்பிட்டான்."

"கேட்டுக்கிட்டேன். விக்கிறதில்லை."

"இந்த வருஷமும் அப்படியே ஆச்சுன்னா, நிலத்தை விட்டுட்டுப் பிள்ளைங்களோட அக்கா வீட்டுல போய் ஒண்ட வேண்டியதுதான்."

உர்சுலே நிமிர்ந்தே பார்க்கவில்லை. நெட்டி போய்விட்டாள்.

மருமகள் எட்னாவுக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் காளை மாடுகூட உர்சுலேயைக் கேட்டுத்தான் தண்ணீர் குடிக்கும். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"என்ன அத்தே இது? தோட்டம் பூரா கூடுதான். ஒண்ணு போனா குடி முழுகிடுமா?"

"எங்க ஊர்ல தேனீயை யாரும் விக்கவும் மாட்டாங்க, வாங்கவும் மாட்டாங்க. பெத்த பிள்ளையை விப்பியா நீ?"

மிச்சிகன் மண்ணில் முப்பது வருஷம் உழுது, ஆறு பிள்ளைகளை ஆளாக்கியும், 'எங்க ஊர்' என்றால் உர்சுலேக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற லித்துவேனியாதான்.

"விக்க வேண்டாம். சும்மா கொடுங்களேன்!"

"கொடுத்தா வாங்குவாளா அவ? ஆர்வில் செத்தப்ப ரொட்டி கொடுத்தனுப்பினேன். 'நாங்க தர்மம் வாங்கற குடும்பம் இல்ல'ன்னு சுத்தின துணியோட திருப்பி அனுப்பினா."

ஓ, அதுதானா சங்கதி! ஒரு ரொட்டியை இன்னும் மனசில் வைத்துக்கொண்டு கறுவுகிறாள் கிழவி என்று எட்னாவுக்கு அருவருப்பாகவே இருந்தது.

"நின்னது போதும். வேலி ஓரத்துல எலுமிச்சை வாசனை அடிக்கற தழை இருக்கே, மடி நிறையப் பறிச்சுட்டு வா. முட்டி வலிக்குக் கட்டணும்."

நெஞ்சில் ஈரம் இல்லாதவளுக்கு முட்டியில் வலி ஒரு கேடா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எட்னா பறித்து வந்தாள்.

அடுத்த வாரமே தோட்டத்தில் ஒரு கூடு பிரிந்தது. கும்பலாகக் கிளம்பிய தேனீக்கள் வேலியைத் தாண்டிப் பறந்தன. வழக்கமாக இப்படிப் பிரிந்தால் வாளியும் சாக்குமாக முதல் ஆளாக ஓடுகிறவள் உர்சுலேதான். அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, போகுது! நெட்டி நிலத்துப் பக்கம் போகுது!"

"போனா போகட்டும். எனக்கு முட்டி வலி."

சற்று நேரத்தில் நெட்டியே மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"உங்க தேனீ எங்க மேப்பிள் மரத்துல ஒரு பெட்டிக்குள்ள புகுந்திருச்சு. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. அடுத்தவங்க பொருள் எனக்கு வேண்டாம்."

உர்சுலே எழுந்து, காலையில் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தாள். எட்னாவும் பின்னாலேயே போனாள். மரக் கவட்டையில் பழைய பலகைப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் துவாரத்தில் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன.

"இதை நான் எடுக்க முடியாது நெட்டி. எங்க ஊர் வழக்கம் அப்படி. தேனீ தானா ஒரு வீட்டைத் தேடிப் போனா, அன்னிலேர்ந்து ரெண்டு வீடும் சொந்தம். தேனீச் சொந்தம்னு சொல்லுவோம். பிரிச்சா பாவம்." ரொட்டியை நீட்டினாள். "சொந்தக்காரி கொடுத்தா வாங்கிக்கணும். திருப்பி அனுப்பக் கூடாது."

நெட்டி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"இது இங்க இருந்ததே எனக்குத் தெரியாதும்மா. ஆர்வில்தான் போறதுக்கு முன்னாடி எனக்காக வெச்சுட்டுப் போயிருக்கார்."

"நல்ல மனுஷன்," என்றாள் உர்சுலே.

நெட்டி இரண்டு கையாலும் ரொட்டியை வாங்கிக்கொண்டாள்.

ஆகஸ்டில் வெள்ளரி அத்தனையும் நேராகக் காய்த்தது. ஊறுகாய்க் கம்பெனிக்காரன் ஒரு காயைக்கூடக் கழிக்கவில்லை. நெட்டி ஒரு கூடை கொண்டுவந்து இறக்கினாள். "சொந்தக்காரி கொடுக்கறேன், திருப்பக் கூடாது!" என்று சிரித்துவிட்டுப் போனாள். உர்சுலே ஒரு பிஞ்சை நீளவாக்கில் பிளந்து, தேனைத் தடவி, கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள்.

எட்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தே, அன்னிக்கு அந்தப் பெட்டிகிட்டப் போய் மோந்து பார்த்தேன். நான் பறிச்சுக் கொடுத்த தழை வாசனை. தேனீயை இழுக்கத்தானே உள்ளே தேய்ச்சு வெச்சீங்க?"

உர்சுலே மென்றுகொண்டே இருந்தாள்.

"ஆர்வில் போய் வருஷமாச்சு. பெட்டியில அடிச்ச ஆணி மட்டும் புதுசா மின்னுது. முட்டி வலியோட மரம் வேற ஏறியிருக்கீங்க." எட்னா அத்தையின் முட்டியை மெல்லப் பிடித்துவிட்டாள். "நான் உங்களை என்னெல்லாம் நெனச்சுட்டேன்!"

"தேனீ தானாத்தான் போச்சு. அதுல பொய்யில்ல. வீட்டை மட்டும்தான் நான் காமிச்சேன்." உர்சுலே வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். "ஆணியை நெட்டி பார்த்தாளா?"

"இல்ல அத்தே."

"அப்பாடா! அடிக்கறப்பவே நெனச்சேன், துருப்பிடிச்சதாப் பார்த்து எடுத்திருக்கணும்னு."