மூடிக்குப் பின்னால் ஒரு மந்திரவாதி

காகிதத்தில் பென்சிலால் குகையும் பள்ளமும் பாலமும் வரைந்து, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு அது. மந்திரவாதிப் பொம்மை தொலைந்துபோனதால் அந்த வேலை ரப்பருக்கு வந்தது. சோடா மூடி போர்வீரன், ஸ்டேப்ளர் டிராகன்.

ரப்பர் தேய்த்தால் எந்தக் கோடும் மாயமாகிவிடும். அந்தப் பெருமையில் முதல் ஆட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போய் நின்றது. டிராகன் ஒரே கடிதான் கடித்தது. கம்பி இடுப்பில் ஏறிவிட்டது.

"மந்திரம் தெரிஞ்சவன் மூஞ்சியைக் கொண்டுபோய் அது வாயிலயாடா வைப்ப? என் பின்னால நில்லு" என்றது மூடி.

"பயந்தாங்கொள்ளின்னு சொல்வாங்களே அண்ணே."

"சொல்லிட்டுப் போகட்டும். நீ உசிரோட இருந்தாத்தானே மந்திரம்?"

அடுத்த ஆட்டத்தில் ரப்பர் முனகிக்கொண்டே மூடியின் பின்னால் பதுங்கியது. டிராகன் பாலத்தில் நின்று மூடியைக் கடித்துக் கடித்துப் பார்த்தது, கம்பிகள்தான் வளைந்தன. அதற்குள் ரப்பர் சத்தமில்லாமல் பாலத்தைத் தேய்த்து முடித்தது. டிராகன் தொபுக்கடீரென்று பள்ளத்தில் விழுந்தது.

பகடைகள் மூடியைத் தலைமேல் தூக்கிக் கொண்டாடின. ரப்பரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மனசே ஆறவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் டிராகன் மூடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. "போன தடவை என்னைக் கவிழ்த்த மகா மந்திரவாதி எங்கேப்பா? ஒருதரம் முகத்தைப் பார்த்துக்கிறேன்."

"வாயைத் திறக்காதே" என்று மூடி பல்லைக் கடித்தது.

அதற்குள் ரப்பர் தலையை நீட்டிவிட்டது. "நான்தான்! நான்தான்!"

டக்.

நெற்றியில் கம்பியோடு ரப்பர் மெல்லச் சாய்ந்து மூடியின் காதருகே கிசுகிசுத்தது: "'மகா'ன்னு சொல்லுச்சு, கேட்டீங்களா அண்ணே?"