சின்னச் சைக்கிள்

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லப் ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பழைய கார் ஒன்று தேடிக்கொண்டிருந்த செண்பகவல்லியின் வாசலுக்கே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார் பழைய கார் விற்கும் ஏகாம்பரம்.

"கீறல்கூட விழாத வண்டிம்மா. அதையே கேட்டுப் பாருங்க."

"எனக்கு விபத்தே நடந்ததில்லை" என்றது கார்.

"நல்லாத்தான் ஒப்பிக்க வச்சிருக்கீங்க" என்று உதட்டைச் சுழித்தவள், மகளின் சின்னச் சைக்கிளை அதன் முன்னால் உருட்டிவிட்டாள்.

கார் வெடவெடத்துப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

ஏகாம்பரம் சிரித்தார். "நினைவெல்லாம் சுத்தமா அழிச்சாச்சே, இன்னும் எதுக்குப் பயப்படுதுன்னு தெரியலையே!"

"எந்தப் பிள்ளைய அடிச்சுது?"

"அதெல்லாம் பழைய கதை, விடுங்கம்மா" என்றார் சிரிப்பு மாறாமல்.

செண்பகவல்லி சைக்கிளை நிமிர்த்தி வைத்தாள்.

"தூ! ஞாபகத்தை அழிச்ச பிறகும் அது நடுங்குது. எல்லாம் ஞாபகம் இருந்தும் நீ சிரிக்கிறியே!"