அபயாம்பாள் டைப்படிக்கிறாள்

அபயாம்பாள் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, ராஜகோபாலனின் கம்ப்யூட்டரில் வந்து அவரைக் கூப்பிட்டாள்.

அவர் அவளுடைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் மடியில். மவுஸை யாரும் தொடவில்லை. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

‘ஏன்னா...’

அந்த வீட்டில் அவரை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான்.

“அபயாவா?” என்றார்.

பக்கத்து அறையில் மகன் ஷ்ரவண், செல்போனில் ‘ஆமாம்’ என்று தட்டினான். செல்போனையே கீபோர்டாகவும் மவுஸாகவும் ஆக்கிவிடும் ஆப் அது. அப்பாவின் திரை அப்படியே அவன் உள்ளங்கையில் தெரிந்தது.

“பெத்த அப்பாகிட்ட விளையாடற விளையாட்டா இது? உனக்கே பயமா இல்லையா?” என்றாள் அவன் மனைவி அனன்யா.

“பில்டர் ஒரு மாசம்தான் டைம் கொடுத்திருக்கான். பதினோரு வீட்டுக்காரா கையெழுத்துப் போட்டாச்சு. இவர் ஒருத்தர்தான் பாக்கி. நான் சொன்னா கேக்க மாட்டார். அம்மா சொன்னா கேப்பார்.”

ராஜா அண்ணாமலைபுரத்தில் நாற்பது வருஷத்துப் பழைய ஃப்ளாட். இடித்துப் புதிதாகக் கட்டியே தீர வேண்டும், அதற்காக அம்மாவைப் பேயாக்கினாலும் தப்பில்லை என்று முடிவுகட்டிவிட்டான். ரொம்ப நல்ல பிள்ளை.

மறுநாள் ராஜகோபாலன் ஐந்து மணிக்கே முகம் அலம்பி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி.

“அங்க இருட்டா இருக்கா அபயா?”

ஷ்ரவணின் விரல் ஒரு கணம் நின்றது. ‘இல்லை.’

“வலி இருக்கா இன்னும்?”

‘இல்லை.’

“இப்ப எங்க இருக்கே?”

‘பக்கத்துலதான்.’

அவர் காலி நாற்காலியைத் தடவிப் பார்ப்பது கதவிடுக்கில் தெரிந்தது. ஷ்ரவண் அவசரமாக விஷயத்துக்கு வந்தான்.

‘பில்டர் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடுங்கோ.’

“நாளைக்குச் சொல்றேன்.”

தினமும் இதே கதைதான். அரை மணி நேரம் பேசுவார். கையெழுத்து என்றால், நாளைக்கு என்பார். ஒரு நாள் திடீரென்று கேட்டார்.

“பாலவாக்கம் பீச்சுல குழந்தையைத் தொலைச்சுட்டு நின்னேனே, ஞாபகம் இருக்கா? ரெண்டு மணி நேரம். அவன்கிட்ட நான் சொன்னதே இல்லை. அதுக்கு மன்னிப்பு உண்டா எனக்கு?”

தான் தொலைந்த கதையே ஷ்ரவணுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அறையில் தன்னைத் தவிர இன்னொருவர் நின்று பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

‘உண்டு’ என்று தட்டினான்.

மாதக் கடைசி வந்தது.

‘இன்னிக்காவது போடுங்கோ.’

“சரி, உன் இஷ்டம்” என்று பேனாவை எடுத்தார் ராஜகோபாலன். எல்லாப் பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, பேப்பரை அடுக்கி வைத்தார்.

ஷ்ரவணுக்கு அப்பாடா என்றிருந்தது. இனி இந்த வேஷம் வேண்டாம். ‘நான் கிளம்பறேன்’ என்று அடித்து முடித்தான்.

ராஜகோபாலன் எழுந்திருக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னார்.

“கையெழுத்துதான் கிடைச்சுடுத்தேன்னு நாளைலேர்ந்து நிறுத்திடாதேடா, ஷ்ரவண். இந்த ஒரு மாசமாத்தான் நீ என்னோட பேசறே.”